.308: அதே சீட்டிங் டெப்த், போன வாரம் 0.43, இந்த வாரம் 1.08. எதை நம்புவது?

ஹூஸ்டன்_மணி

வணக்கம். தோட்டாவை நானே நிரப்பிச் சுடுகிறேன். துப்பாக்கி தொழிற்சாலையில் வந்தபடியே இருக்கும் .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன், கனமான பேரல். புல்லட் சியரா 168 கிரெய்ன் மேட்ச்கிங். பவுடர் அளவு கையேட்டின் நடுப்பகுதியில் நிற்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. புல்லட்டை உறைக்குள் எவ்வளவு ஆழம் உட்கார வைப்பது என்பதுதான் பிரச்சினை.

லேண்ட்ஸை (பேரலின் உள்வரிகளை) புல்லட் தொடும் நீளத்தை அளந்துவிட்டு, அங்கிருந்து 10 தௌ ஜம்ப்பில் (இடைவெளியில்) தொடங்கி 70 தௌ வரை பத்துப் பத்தாக ஏழு நீளத்தில் தோட்டா செய்தேன் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நீளத்துக்கு மூன்று ரவுண்டு, 100 கெஜம், பைபாட், பின்னால் மணல் பை. குரூப் (துளைகள் சிதறிய அகலம்) அங்குலத்தில்:

10 தௌ: 0.95
20 தௌ: 0.61
30 தௌ: 1.22
40 தௌ: 0.43
50 தௌ: 0.78
60 தௌ: 0.70
70 தௌ: 0.88

40 தௌதான் என்று முடிவு செய்து அடுத்த வாரம் அதையே திரும்பச் சுட்டால் 1.08. வேண்டாம் என்று ஒதுக்கிய 30 தௌ அன்று 0.55. காற்று இரண்டு நாளும் லேசுதான். பவுடரும் ப்ரைமரும் அதே டப்பா. இதில் எதை நம்புவது?

10, 20 தௌ ஜம்ப்பில் தோட்டா நீளமாகிவிடுவதால் மேகஸினில் ஏறவில்லை. அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் போட்டுத்தான் சுட்டேன்.

——

பீளமேடு_லேத்

மணி, முதலில் அளந்த விதத்தைச் சொல்லுங்கள். மொத்த நீளத்தை, அதாவது உறையின் அடியிலிருந்து புல்லட் நுனி வரை, காலிப்பரில் பிடித்தீர்களா? இல்லை கம்பரேட்டர் (காலிப்பரில் மாட்டும் துளையுள்ள துண்டு) மாட்டி ஓஜைவில், அதாவது புல்லட்டின் வளைவில் பிடித்தீர்களா?

மேட்ச்கிங் மாதிரி ஹாலோபாயிண்ட் புல்லட்டின் நுனி ஒழுங்காக இருக்காது. ஒரே டப்பாவில் பத்து எடுத்து லென்ஸில் பாருங்கள், ஒன்றின் வாய் சாய்ந்திருக்கும், ஒன்றில் பிசிறு நிற்கும். நுனியை வைத்து அளந்தால் பல தௌ ஆடும். லேண்ட்ஸைத் தொடுவது நுனி இல்லை. புல்லட்டின் வளைவு எந்த இடத்தில் பேரலின் உள்விட்டத்துக்குப் பருக்கிறதோ, அந்த இடம்தான் போய்த் தொடுகிறது. அதனால் அளவும் அங்கேயே எடுக்க வேண்டும்.

——

ஹூஸ்டன்_மணி

கம்பரேட்டர்தான் அண்ணா. ஹார்னடி ஓவரால் கேஜ், கடையில் விற்கும் மாடிஃபைட் கேஸ் (கேஜில் மாட்டுவதற்காக அடியில் துளையிட்ட உறை). நுனி வரை அளந்தால் லேண்ட்ஸைத் தொடும் நீளம் 2.86 பக்கம் வருகிறது.

——

புதுத்தோட்டா

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இன்னும் ப்ரஸ்கூட (தோட்டா நிரப்பும் கருவி) வாங்கவில்லை. ஜம்ப், லேண்ட்ஸ், த்ரோட் என்று எல்லோரும் பேசுகிறீர்கள், படம் பிடிபடவில்லை.

——

நெல்லை_எஃப்டிஆர்

வாங்க தம்பி. பேரலுக்குள் சுழல் பள்ளங்கள் வெட்டியிருக்கும். பள்ளங்களுக்கு நடுவே மேடாக நிற்கும் வரிகள்தான் லேண்ட்ஸ். அவை சேம்பரின் வாயிலேயே ஆரம்பிப்பதில்லை. உறையின் கழுத்து முடிந்த பிறகு கொஞ்ச தூரம் வழவழப்பான பகுதி, அப்புறம் ஒரு சரிவு, அதற்கு மேல் வரிகள். இந்தப் பகுதிக்குப் பெயர் த்ரோட். சுடும்போது புல்லட் கழுத்தை விட்டுக் கிளம்பி, வரிகளைத் தொடும்வரை கடக்கும் தூரம் ஜம்ப். புல்லட்டை வெளியே நீட்டி வைத்தால் ஜம்ப் குறையும், உள்ளே தள்ளினால் கூடும். தொட்டதற்கு மேலும் நீட்டி, போல்ட்டை மூடும்போதே வரிகளில் புல்லட்டை அழுத்தி வைத்தால் அது ஜாம்.

இதனால் குறி ஏன் மாறுகிறது என்று கேட்டால் ஆளுக்கு இரண்டு காரணம் சொல்வார்கள். புல்லட் நேராக வரிகளில் நுழைகிறதா, துளி சாய்ந்து நுழைகிறதா என்பது ஒன்று. அழுத்தம் எழும் வேகம் மாறி, பேரல் அதிர்வின் எந்தக் கட்டத்தில் புல்லட் வாயை விட்டு வெளியேறுகிறது என்பது மற்றொன்று. முதல் காரணம் எனக்குச் சுலபமாகப் புரிகிறது. இரண்டாவதில் சண்டை இன்னும் ஓயவில்லை.

——

பீளமேடு_லேத்

மணி, கடை மாடிஃபைட் கேஸ் உங்கள் சேம்பரில் சுட்டது இல்லை. அதன் தோள் உங்கள் சேம்பர் தோளைவிடப் பின்னால் இருக்கும். அதனால் நீங்கள் எடுத்த எண் உண்மையான இடத்திலிருந்து சில தௌ தள்ளி இருக்கலாம். எல்லாத் தோட்டாவும் அதே கணக்கில் செய்வதால் ஒப்பிடுவதில் தப்பு வராது. ஆனால் 10 தௌ ஜம்ப் என்று நீங்கள் சொல்வது நிஜத்தில் 10 இல்லாமல் இருக்கலாம்.

உங்கள் துப்பாக்கியில் சுட்ட உறையையே எடுத்து, ப்ரைமர் இருக்கும் பக்கம் துளை போட்டு 5/16-36 டேப் அடித்தால் அதுவே கேஜில் மாட்டும். அந்த டேப் சாதாரணக் கடையில் கிடைக்காது, ரீலோடிங் கடையில் கேட்டால் கிடைக்கும்.

கேஜே இல்லாமலும் ஒரு வழி உண்டு, எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். போல்ட்டைக் கழற்றி ஃபயரிங் பின்னையும் எஜெக்டரையும் வெளியே எடுத்துவிடுங்கள். ப்ரைமரும் பவுடரும் இல்லாத உறை, அளவு சரி செய்தது, அதில் ஒரு புல்லட்டை வேண்டுமென்றே நீளமாக உட்கார வையுங்கள். சேம்பரில் போட்டு மூடிவிட்டு, கைப்பிடியை ஒரே விரலால் மெதுவாக மேலே தூக்குங்கள். புல்லட் வரிகளில் சிக்கியிருந்தால் கைப்பிடி மேலே வரும்போது ஓரிடத்தில் 'டிக்' என்று விரலில் தட்டும். டையை (புல்லட்டை உட்கார வைக்கும் அச்சு) இரண்டு இரண்டு தௌவாக இறக்கித் திரும்பத் திரும்பப் பாருங்கள். டிக் எந்த நீளத்தில் நிற்கிறதோ அதுதான் தொடும் இடம். மார்க்கர் பேனாவால் புல்லட்டைக் கறுப்பாக்கிவிட்டுச் செய்தால் கண்ணுக்கும் தெரியும். நீளமாக இருக்கும்போது வளைவைச் சுற்றிச் சம இடைவெளியில் சின்னச் செவ்வகமாகச் செம்பு பளிச்சிடும். நீளம் குறையக் குறைய செவ்வகம் கோடாகி, கடைசியில் மறைந்துவிடும்.

இன்னொரு விஷயம். என் கம்பரேட்டர் காட்டும் எண் வேறு, உங்களுடையது வேறு. உள்ளே இருக்கும் துளையின் விளிம்பு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாறும். அந்த எண்ணை இணையத்தில் யாரிடமும் ஒப்பிடாதீர்கள். உங்கள் கருவி, உங்கள் துப்பாக்கி, உங்கள் புல்லட் என்ற வட்டத்துக்குள் மட்டும்தான் அதற்குப் பொருள்.

——

சிக்மா

அளவு கிடக்கட்டும். மணியின் ஏழு எண்களையும் கூட்டிச் சராசரி எடுத்தேன், 0.80 வருகிறது. இப்போது இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: சீட்டிங் டெப்த்தால் எந்த வித்தியாசமும் இல்லை, ஏழு நீளமும் ஒரே தோட்டா, துப்பாக்கியின் உண்மையான மூன்று ரவுண்டு சராசரி 0.8 அங்குலம். அப்படியிருந்தும் மூன்று ரவுண்டு குரூப் ஒவ்வொரு தடவையும் 0.8 வராது. மூன்று ரவுண்டு குரூப்பின் தரவிலக்கம் (சராசரியைச் சுற்றி ஆடும் அளவு) சராசரியில் ஏறக்குறைய 37 சதவீதம், இங்கே 0.3 அங்குலம். அதாவது மூன்றில் இரண்டு குரூப் 0.5-க்கும் 1.1-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழும்.

அப்படி ஏழு குரூப் சுட்டால் அதில் மிகச் சிறியது 0.4 பக்கத்திலும் மிகப் பெரியது 1.2, 1.3 பக்கத்திலும் வருவது இயல்பு. மணிக்கு வந்தது 0.43, 1.22. ஜம்ப்பை மாற்றாமலே ஏழு குரூப் சுட்டிருந்தாலும் இதே பட்டியல் வந்திருக்கும், வரிசை மட்டும் மாறியிருக்கும். 40 தௌவில் 0.43 விழுந்தது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அதனால்தான் அடுத்த வாரம் பனம்பழம் 30 தௌவில் விழுந்தது.

நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு நாள் ரேஞ்சில், ஒரே அளவில் செய்த தோட்டாவை மூன்று மூன்றாக ஏழு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு டப்பாவிலும் பொய்யாக 10, 20, 30 என்று எழுதிச் சுட்டுப் பாருங்கள். அருமையான 'நோட்' (குரூப் சுருங்குவதாகத் தோன்றும் நீளம்) ஒன்று கட்டாயம் கிடைக்கும்.

——

பழைய_பெஞ்ச்

சிக்மா, கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சீட்டிங் டெப்த்தே சும்மா என்று சொல்லப்போகிறீர்கள் என்று தெரிகிறது, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் சுடுவது 6 பிபிசி. பல்மிசானோவும் பிண்டெலும் 1970-களில் உருவாக்கிய உறை, இன்றும் 100 கெஜம் பெஞ்ச்ரெஸ்ட்டில் (மேசையில் தாங்கி வைத்து மிகச் சிறிய குரூப் சுடும் போட்டி) அதுதான் ராஜா. சேம்பருக்கு இறுக்கமான கழுத்து, கையால் செய்த புல்லட், வரிகளில் அழுத்தி வைத்த ஜாம். அதில் புல்லட்டை ஐந்து தௌ உள்ளே தள்ளினால் ஒரே துளையாக இருந்த குரூப் மேலும் கீழுமாகப் பிரிவதைக் கண்ணால் பார்க்கலாம். திரும்ப ஐந்து தௌ வெளியே எடுத்தால் மறுபடி ஒரே துளை. இதைப் பல வருஷமாக, பல பேரலில் பார்த்திருக்கிறேன். எங்கள் பெஞ்ச் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் இதைப் பார்த்தவர்கள்தான்.

——

சிக்மா

ஐயா, நீங்கள் சொல்வது என் கணக்குக்கு எதிரி இல்லை. உங்கள் துப்பாக்கியின் சராசரி குரூப் 0.2 அங்குலம் என்று வையுங்கள். ட்யூன் (தோட்டா அந்தப் பேரலுக்குப் பொருந்திய நிலை) தவறினால் 0.4 ஆகிறது, இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு வித்தியாசத்தைச் சில குரூப்பிலேயே பிடித்துவிடலாம். மணியின் துப்பாக்கியில் சீட்டிங் டெப்த் மிஞ்சிப்போனால் 0.8-ஐ 0.7 ஆக்கும். அது எட்டில் ஒரு பங்கு. மூன்று ரவுண்டு குரூப்பின் 37 சதவீத ஆட்டத்துக்குள் அது காணாமல் போய்விடும். உங்களுக்குத் தெரிவது அவருக்குத் தெரியாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

——

பழைய_பெஞ்ச்

சரி, இப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். தொழிற்சாலைப் பேரலில் ஐந்து தௌ தேடி அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் பாவமாகத்தான் இருக்கும்.

——

நெல்லை_எஃப்டிஆர்

இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள், புல்லட்டின் வடிவம். ஜம்ப்புக்கு எவ்வளவு கோபப்படும் என்பது துப்பாக்கியைவிட புல்லட்டில்தான் அதிகம் இருக்கிறது.

மணியிடம் இருக்கும் 168 மேட்ச்கிங் டேன்ஜென்ட் ஓஜைவ். உருளையான உடம்பிலிருந்து வளைவு உடைவில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். வரிகளில் துளி சாய்வாக மோதினாலும் தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளும். ஃபெடரல் கோல்ட் மெடல் மேட்ச் தோட்டா இதே புல்லட்டோடு, மேகஸினில் ஏறும் 2.80 பக்கத்து நீளத்தில்தான் வருகிறது. உலகத்தில் இருக்கும் எந்த .308 த்ரோட்டையும் அது அளந்து பார்த்ததில்லை. அப்படியும் பாதிப் பேர் தங்கள் கைத்தோட்டாவை அதோடுதான் ஒப்பிட்டு, தோற்றும் போகிறார்கள்.

விஎல்டி (காற்றுத் தடை மிகக் குறைந்த புல்லட்) வகை சீகன்ட் ஓஜைவ். உடம்பும் வளைவும் சேரும் இடத்தில் ஒரு முறிவு இருக்கும், நகத்தால் தடவினால்கூட உணரலாம். காற்றைக் கிழிப்பதில் கெட்டிக்காரன், ஆனால் வரிகளில் நுழையும்போது சண்டைக்காரன். அதற்கு பெர்கர் நிறுவனம் சொல்லும் முறையைப் பாருங்கள்: வரிகளுக்குள் 10 தௌ, அப்புறம் 40, 80, 120 தௌ ஜம்ப். 40 தௌ இடைவெளியில் அகலமாகத் தேடச் சொல்கிறார்கள். எந்தப் பகுதி நன்றாக வருகிறதோ அதற்குள் மட்டும் சிறிய படியில் போகலாம். இரண்டு தௌ படியில் ஆரம்பிக்கிறவர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் நல்ல இடத்தைக் கடைசிவரை பார்க்கவே மாட்டார்கள். பெர்கர் ஹைப்ரிட் என்று ஒன்று இருக்கிறதே, அது இந்தத் தொல்லைக்காகவே பிறந்தது. வரிகளைத் தொடும் பகுதி டேன்ஜென்ட், அதற்கு முன்னால் சீகன்ட்.

நான் எஃப்-டிஆர் (தொலைதூரக் குறிப் போட்டி) சுடுகிறேன். .308 அல்லது .223, பைபாட், 1000 கெஜத்தில் பத்து வளையம் பத்து அங்குலம், எக்ஸ் வளையம் ஐந்து அங்குலம். எனக்கு மேல்–கீழ் சிதறல் குறைய வேண்டும் என்பதால் ஜம்ப்பைப் பார்த்தே ஆக வேண்டும். ஹைப்ரிட் புல்லட்டில் எனக்குக் கிடைத்த நல்ல பகுதி 15 தௌ அகலம் இருந்தது. அதன் நடுவில் வைத்துவிட்டுக் காற்றைப் படிக்கப் போய்விட்டேன்.

மணிக்கு அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 168 மேட்ச்கிங்கை 600 கெஜத்தில் மணிக்குப் பத்து மைல் பக்கக்காற்று முப்பது அங்குலத்துக்கு மேல் தள்ளும். ஒரே ஒரு மைல் தப்பாகப் படித்தால் மூன்று அங்குலம் போச்சு. சீட்டிங் டெப்த்தால் 0.8 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது 100 கெஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம்) 0.7 ஆனால் அதே தூரத்தில் உங்களுக்கு மிச்சம் முக்கால் அங்குலம்கூட இல்லை.

——

கல்கரி_வேட்டை

வேட்டைக்காரன் பார்வையில் இரண்டு வரி. முழுச் செம்பு புல்லட்டை வரிகள் பக்கம் கொண்டு போகாதீர்கள். பார்ன்ஸே 50 தௌ ஜம்ப்பில் ஆரம்பிக்கச் சொல்கிறது. செம்பு ஈயம் மாதிரி விட்டுக்கொடுக்காது. வெதர்பி மேக்னம் சேம்பர்களில் ஃப்ரீபோர் (வரிகளுக்கு முன்னால் உள்ள வழவழப்பான பகுதி) என்ன நீளம் தெரியுமா? மேகஸினில் ஏறும் எந்த புல்லட்டும் வரிகளைத் தொடவே முடியாது. அதை வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் எல்க் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்புறம் ஜாம் பற்றி. வேட்டைத் தோட்டாவில் ஜாம் வேண்டவே வேண்டாம். சுடாமல் வெளியே எடுக்க போல்ட்டை இழுத்தால் புல்லட் வரிகளிலேயே சிக்கி நிற்கும், உறை மட்டும் கையோடு வரும், பவுடர் முழுதும் ஆக்‌ஷனுக்குள் கொட்டும். மைனஸ் இருபது டிகிரியில், கையுறையோடு, லக் பள்ளத்துக்குள் ஒட்டிய பவுடர் மணிகளை ஊதிக்கொண்டு நின்றவருக்குத்தான் அது புரியும். க்ளீனிங் ராடு ஜீப்பில் இருக்கும்.

——

நெறியாளர்

ஜாம் பேச்சு வந்ததால் ஒரு குறுக்கீடு. இதை யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

ஜம்ப்பில் வைத்துச் சரிபார்த்த பவுடர் அளவை அப்படியே வைத்துக்கொண்டு புல்லட்டை வரிகளில் கொண்டுபோய் முட்ட வைக்காதீர்கள். ஓடி வந்து வரிகளில் ஏறும் புல்லட்டும், நின்ற இடத்திலிருந்தே ஏற வேண்டிய புல்லட்டும் ஒன்றில்லை. உச்ச அழுத்தம் ஏறும். தொடும் இடத்துக்குப் போவதானால் கையேட்டின் ஆரம்ப அளவுக்கு இறங்கி, மறுபடி படிப்படியாக வாருங்கள். போல்ட் தூக்கும்போது கனம், உறையின் அடியில் எஜெக்டர் பளபளப்பு, தட்டையான ப்ரைமர் என்று எது தெரிந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும். அளவுக்கு மீறி உள்ளே தள்ளினால் உறைக்குள் இடம் குறைகிறது. பிஸ்டல் மாதிரி சிறிய உறையில் அதனால் அழுத்தம் சட்டென்று ஏறும். ரைஃபிளில் மெதுவாகத் தெரியும், இல்லையென்று அர்த்தமில்லை.

.308-க்கு ஸாமி (அமெரிக்கத் தோட்டா தர அமைப்பு) வைத்திருக்கும் அதிகபட்ச மொத்த நீளம் 2.810 அங்குலம். அதைத் தாண்டக் கூடாது என்று இல்லை. தாண்டினால் அந்தத் தோட்டா உங்கள் ஒரே துப்பாக்கிக்கானது. டப்பாவில் துப்பாக்கியின் பெயரை எழுதி வையுங்கள், பக்கத்து லேனில் நண்பர் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. இங்கே பேசுவது சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கு. இந்தியாவில் தோட்டாவும் அதன் பாகங்களும் 1959 ஆயுதச் சட்டத்துக்குள் வருகின்றன. ஊரில் இருப்பவர்கள் உரிமம் வழங்கும் அதிகாரியிடம் கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.

——

மதுரை_22

நாங்கள் தொடவே முடியாது நெறியாளரே, எங்களுடையது .22 ரிம்ஃபயர். ப்ரைமர் கலவை உறையின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் திரும்ப நிரப்பும் பேச்சே இல்லை. நாங்கள் லாட் பார்த்துத்தான் வாங்குகிறோம். அதே பிராண்டு, அதே பெயர், லாட் எண் மட்டும் வேறு; ஒன்று 50 மீட்டரில் பத்து வளையத்துக்குள்ளேயே நிற்கும், இன்னொன்று ஒன்பதை எட்டிப் பார்க்கும். லாட் சோதனையிலும் சிக்மா சொல்லும் அதே வம்பு உண்டு. ஐந்து ரவுண்டு பார்த்துவிட்டு ஒரு பெட்டி வாங்கியவர்கள் கதை எங்கள் ரேஞ்சில் நிறைய.

——

புதுத்தோட்டா

லேண்ட்ஸ் தேய்ந்து பின்வாங்கும் என்று படித்தேன். அப்படியானால் ஜம்ப் தானாகவே கூடிக்கொண்டு போகும் இல்லையா? ஒவ்வொரு நூறு ரவுண்டுக்கும் நீளத்தை மாற்ற வேண்டுமா?

——

பீளமேடு_லேத்

தேயும், உண்மைதான். போர்ஸ்கோப் விட்டுப் பார்த்தால் த்ரோட் முதலில் வெடித்த களிமண் மாதிரி கோடு விடும், அப்புறம் வரிகளின் முனை மழுங்கும், அப்புறம் முன்னால் நகரும். .308 இதில் சாது. சிறிய துளைக்குப் பெரிய உறை வைத்த மேக்னம்களில் வேகமாகப் போகும்.

இங்கே இரண்டு கட்சி. பெஞ்ச் ஆட்கள் வரிகளைத் துரத்துவார்கள், அடிக்கடி அளந்து அதே ஜாமை வைத்துக்கொள்வார்கள். பிஆர்எஸ் (ப்ரிசிஷன் ரைஃபிள் சீரிஸ் போட்டி) ஆட்கள் ஆரம்பத்திலேயே பெரிய ஜம்ப் வைத்து, வரிகள் நகர்ந்தாலும் குறி மாறாத அகலமான பகுதியாகத் தேடுவார்கள். ஒரு சீசனில் ஆயிரக்கணக்கில் சுடுகிறவன் வாராவாரம் டையைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. தொழிற்சாலை .308-க்கு இரண்டாவது கட்சிதான் சரி என்பேன்.

ஒரே நீளத்தில் உட்கார வைப்பதையும் கவனியுங்கள். ஜம்ப் எண்ணுக்கு அலைகிறவர்கள் பத்துத் தோட்டாவைக் கம்பரேட்டரில் வைத்துப் பார்த்தால் ஆறு தௌ விரிந்திருக்கும். சீட்டிங் ஸ்டெம் (டைக்குள் புல்லட்டை அழுத்தும் தண்டு) புல்லட்டின் நுனியில் முட்டினால் நுனியின் கோணல் முழுதும் நீளத்துக்கு வந்துவிடும். ஒரு புல்லட்டைக் கறுப்பாக்கி உட்கார வைத்து, ஸ்டெம் எங்கே வளையம் போடுகிறது என்று பாருங்கள். வளைவில், நுனியிலிருந்து நன்றாகக் கீழே இருக்க வேண்டும். நுனியிலேயே பட்டால் விஎல்டி ஸ்டெம் வாங்குங்கள். செம்பில் ஆழமாக வெட்டினாற்போல் வளையம் விழுந்தால் ஸ்டெம்மின் விளிம்பு கூர், இல்லை கழுத்துப் பிடி அதிகம். ஸ்டெம்மை லேத்தில் பிடித்து எமரித் தாள் காட்டினால் போதும்.

கழுத்துப் பிடி உறைக்கு உறை மாறினால் நீளமும் மாறும். ஒன்றில் கைப்பிடி வெண்ணெய் மாதிரி இறங்கும், அடுத்ததில் கிறீச் என்று நிற்கும். அந்தக் கிறீச் உறை எப்போதும் இரண்டு மூன்று தௌ நீளமாக வரும். அனீல் செய்வது (சூடாக்கி உறைக் கழுத்தை இளக்குவது), கழுத்தின் உட்புறத்தைத் துலக்குவது எல்லாம் அதற்குத்தான். பவுடர் உறைக்குள் நெருக்கிக்கொண்டிருந்தால் இன்னொரு தொல்லை, ராத்திரி உட்கார வைத்த புல்லட் காலையில் ஓரிரண்டு தௌ வெளியே எட்டிப் பார்க்கும்.

——

பழைய_பெஞ்ச்

லேத் சொன்னதில் எனக்கு ஒரே ஒரு திருத்தம்தான். நாங்கள் துரத்துவது வரிகளை இல்லை, ட்யூனை. வரிகள் நகர்ந்த அளவே புல்லட்டும் நகர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. குறித்தாளைப் பார்த்துத்தான் நகர்த்துகிறேன்.

——

ஹூஸ்டன்_மணி

எல்லோருக்கும் நன்றி. ஃபயரிங் பின்னைக் கழற்றிய போல்ட்டை வைத்துத் தொடும் இடத்தை மறுபடி பார்த்தேன். கடை மாடிஃபைட் கேஸ் சொன்னதற்கும் இதற்கும் நான்கு தௌ வித்தியாசம், லேத் அண்ணா சொன்ன பக்கத்தில்தான்.

சிக்மா, எத்தனை ரவுண்டு சுட்டால் நம்பலாம்? பத்து போதுமா?

——

சிக்மா

எந்த வித்தியாசத்தைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பத்து ரவுண்டு குரூப்புக்கே தரவிலக்கம் இருபது சதவீதத்துக்குப் பக்கம். முதலில் நீளத்தின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஏழு வேண்டாம், இரண்டு எடுங்கள், தள்ளித் தள்ளி. நீளத்துக்கு இருபது. ஒவ்வொரு குறித்தாளிலும் ஐந்து சுட்டு, குறிபுள்ளியை ஒன்றாக வைத்து நான்கு தாளையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்குங்கள். விளிம்புக்கு விளிம்பு குரூப்பை அளக்காதீர்கள், அதில் இரண்டு துளைக்குத்தான் வேலை, மற்ற பதினெட்டும் வீண். நடுவிலிருந்து ஒவ்வொரு துளையும் எவ்வளவு தூரம் என்று எடுத்துச் சராசரி போடுங்கள். இப்படி இருபது ரவுண்டு சுட்டால்கூட ஆட்டம் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும், ஆனால் இப்போது இருப்பதற்கு எவ்வளவோ மேல்.

இரண்டு நீளத்தையும் மாற்றி மாற்றிச் சுடுங்கள். ஒன்றை முழுதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் பேரல் சூடு, வெயில், உங்கள் தோள் வலி எல்லாம் இரண்டாவதன் கணக்கில் ஏறிவிடும்.

——

நெல்லை_எஃப்டிஆர்

இரண்டில் ஒன்று மேகஸினில் ஏறும் நீளமாக இருக்கட்டும் மணி. ஏறாத நீளம் ஜெயித்தால், அப்போதாவது எவ்வளவு ஜெயித்தது என்று பார்த்து முடிவு செய்யலாம்.

——

ஹூஸ்டன்_மணி

சுட்டுவிட்டு வந்துவிட்டேன். 20 தௌ ஜம்ப்பும், மொத்த நீளம் 2.80 வரும் 60 தௌ ஜம்ப்பும் எடுத்துக்கொண்டேன். நெல்லை அக்கா சொன்னபடி இரண்டாவது மேகஸினில் ஏறும். மாற்றி மாற்றி, தாளுக்கு ஐந்து.

20 தௌ: நடுவிலிருந்து சராசரி தூரம் 0.41 அங்குலம்.
60 தௌ: 0.39.

இருபதையும் அடுக்கினால் இரண்டுமே ஒன்றரை அங்குலம் பக்கம் விரிகிறது. பார்க்கக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், இத்தனை நாள் 0.43 குரூப்பைத்தான் என் துப்பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2.80-இல் நிறுத்திக்கொள்கிறேன். மிச்சம் இருக்கும் புல்லட் எல்லாம் 600 கெஜத்துக்கு.

——

சிக்மா

அந்த ஒன்றரை அங்குலம்தான் உங்கள் துப்பாக்கி. இனி யாராவது புது ப்ரைமர், புது பவுடர் என்று வந்தால் அதோடு ஒப்பிடுங்கள். 0.41-க்கும் 0.39-க்கும் நடுவே வித்தியாசம் இருக்கிறது என்று யாரும் இங்கே வந்து சொல்லிவிடாதீர்கள்.

——

பழைய_பெஞ்ச்

பேரல் தேய்ந்த பிறகு நல்ல பேரல் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள் மணி. அப்போது ஐந்து தௌ பற்றிப் பேசலாம்.

——

புதுத்தோட்டா

லேத் அண்ணா, அந்த 5/16-36 டேப் உங்களிடம் இருந்தால் எனக்கும் ஓர் உறை அடித்துத் தருவீர்களா? 6.5 கிரீட்மோர். துப்பாக்கி வந்துவிட்டது, இப்போதைக்குக் கடைத் தோட்டாதான் சுடுகிறேன்.

——

பீளமேடு_லேத்

அனுப்புங்கள். உங்கள் துப்பாக்கியில் சுட்டதாக இருக்க வேண்டும், ரேஞ்சில் பொறுக்கியது வேண்டாம். முழு அளவுக்கு ரீசைஸ் செய்யாதீர்கள், தோளைத் தொடாமல் கழுத்தை மட்டும் புல்லட் வழுக்கிப் போகும் அளவுக்கு விட்டுவையுங்கள். பழைய ப்ரைமரை நீங்களே தட்டி எடுத்துவிட்டு அனுப்பினால் எனக்கு ஒரு வேலை மிச்சம். இரண்டாக அனுப்புங்கள், ஒன்று டேப் சாய்ந்தால் இருக்கட்டும்.